பெயர் தெரிந்தால் போதுமா?

குலசேகரத்தில் ஏதாவதொரு மருந்துக்கடை முன்னால் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். விடியுமுன் ரப்பர் தோட்டத்திற்குப் போய்ப் பால் வெட்டிவிட்டுத் திரும்பும் தொழிலாளத் தோழர் ஒருவர் வருவார். முதுகு வலிக்கு மாத்திரை கேட்பார். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டுவார். வந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், பவர் கூடினது இருந்தா தாருங்க" என்பார். அட்டையில் எண் பெரிதாக இருந்தால் மருந்துக்கு வலு அதிகம் என்பது அவர் எண்ணம். பாடுபட்டு வயிறு கழுவும் அந்த மனிதரை இதற்காகக் குறை கூற நாம் தயாராக இல்லை. அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால், ஐந்தாண்டு மருத்துவம் படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் குழாயைத் தொங்கவிட்டு வருகிற இளைஞரும் அடிமனத்தில் அதே எண்ணத்தோடுதான் இருக்கிறார் என்றால் அதை என்னென்பது? சிறுநீர் பெருக்கும் மருந்துகளில் புமெட்டனைடு 1 மில்லிகிராம் செய்கிற வேலையைச் செய்ய ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் தேவைப்படுகிறது. இதனால் புமெட்டனைடு நாற்பது மடங்கு சிறந்த மருந்தாகிவிடுமா? ஆகாது. எட்டக்கூடிய உச்சப் பலன் இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. எவ்வளவு சிறிய அளவில் ஒரு மருந்து வேலை செய்கிறது என்பது ஒரு செய்தி. எவ்வளவு தூரம் வேலை செய்ய வல்லது என்பது வேறொரு செய்தி. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் கடைக்கு முன்னால் நிற்பவர்களில் மட்டுமல்ல, கல்லூரியின் உள்ளே இருப்பவர்களிலும் உண்டு என்பதுதான் நாம் இன்று எடுத்துக் கொண்ட விஷயம்.

குமரி மாவட்டத்தைப் போல் மருத்துவக் கல்வி நெருக்கமாக அமைந்த இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே சாரதா கிருஷ்ணா ஹோமியோபதிக் கல்லூரி. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி. திற்பரப்பு அருவியைப் பார்க்க வருகிறவர்கள் வழியில் வெள்ளைக் கோட்டு மாணவர்களையும் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். இவ்வளவு இருந்தும், இவர்கள் கற்றது மனத்தில் தைத்ததா, நாவில் மட்டும் நின்றதா என்று அளந்து பார்க்க நம்மிடம் என்ன கோல் இருக்கிறது?

பரீட்சை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. மருந்தியல் எனப்படும் பார்மகாலஜி எம்.பி.பி.எஸ். இரண்டாம் கட்டத்தில் வருகிறது. கே.டி.டி. என்று மாணவர்கள் செல்லமாக அழைக்கும் திரிபாதியின் பாடநூல் ஆயிரம் பக்கத்திற்கு மேல். அதற்குள் நூற்றுக்கணக்கான மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் வகை, செயல்முறை, பயன், பக்க விளைவு. ஓராண்டுக்குள் இத்தனையையும் விழுங்கவேண்டும். 'அரை ஆயுள் பற்றிச் சிறுகுறிப்பு எழுதுக' என்று கேள்வி வரும். இலக்கணத்தை எழுதி, சூத்திரத்தை எழுதி, ஒரு வளைகோட்டையும் வரைந்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். மாணவர் தேறினார், கல்லூரி மகிழ்ந்தது, பல்கலைக் கழகம் பட்டம் தந்தது. சுபம்!

நிற்க. அதே மாணவரிடம் இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்ப்போம். ஒரு மருந்தின் அரை ஆயுள் 4 மணி நேரம். உடம்பில் 50 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கும் வரை அது வேலை செய்யும். 200 மில்லிகிராம் ஊசியாகப் போட்டால் 8 மணி நேரம் பலன் இருக்கிறது. 400 போட்டால் எவ்வளவு நேரம் இருக்கும்?

நாக்கு நுனியில் வருகிற விடை 16. அளவு இரு மடங்கு, ஆகவே நேரமும் இரு மடங்கு என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. சரியான விடை 12. நானூறு இருநூறாகக் குறைய 4 மணி நேரம், அதற்குப் பிறகு பழைய கதைதான். அளவை இரட்டித்ததால் கூடியது ஒரே ஓர் அரை ஆயுள். சூத்திரத்தைப் பிழையின்றி எழுதிய கைக்கு இது தெரியாமற் போனால், அந்தச் சூத்திரம் எதற்கு உதவிற்று? பலன் நீடிக்கட்டும் என்று அளவை இரட்டிக்கிற மருத்துவர், நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, நஞ்சாகும் வாய்ப்பை நிறையக் கூட்டுகிறார். நாள்தோறும் நடக்கக் கூடியது இது.

அமாக்ஸிசிலினை நாளொன்றுக்கு மூன்று வேளை கொடுக்கிறோம். அஸித்ரோமைசினை ஒரு வேளை வீதம் மூன்று நாளோடு நிறுத்திவிடுகிறோம். ஏன்? முன்னது ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட அரை ஆயுளோடு விரைந்து வெளியேறுகிறது. பின்னது திசுக்களில் புகுந்துகொண்டு நாட்கணக்கில் தங்குகிறது. இந்தக் காரணம் தெரிந்த மருத்துவர், "மத்தியான மாத்திரையை விட்டுவிட்டேன் டாக்டர்" என்று நோயாளி சொல்லும்போது அதன் பொருளை அறிவார். காரணம் தெரியாதவர் சீட்டில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று கோடு போட்டுத் தருவார், அவ்வளவே.

மனப்பாடமே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. அப்படிச் சொல்வது அறியாமை. வாழைத் தோட்டத்திற்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்ட ஒருவரை நள்ளிரவில் தூக்கி வருகிறார்கள். வாயில் நுரை, நெஞ்சில் கோழை, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருக்க முடியுமா? அட்ரோபின் என்ற பெயர் நாவில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் பெயருக்கு அடுத்த கேள்வி, எவ்வளவு என்பது. அங்கேதான் மனப்பாடம் கைவிடுகிறது. பூச்சிமருந்து, அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடம்பில் அழியவிடாமல் குவித்துவிடுகிறது. குவிந்த அந்தப் பொருள் உட்காரும் ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்து இடம் பிடிப்பதே அட்ரோபினின் வேலை. இருவரும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிறார்கள். எதிராளி எவ்வளவு பேர் என்பதைப் பொறுத்தது, நாம் எவ்வளவு பேரை அனுப்பவேண்டும் என்பது. ஆகவே அட்ரோபினுக்கு முன்கூட்டி எழுதி வைத்த ஒரே அளவு கிடையாது. நெஞ்சின் கோழை வற்றி, நாடியும் இரத்த அழுத்தமும் நிமிரும் வரை சில நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டித்து இரட்டித்துக் கொடுக்கிறார்கள். நிமிர்ந்த பிறகும் கொடுத்துக் கொண்டேயிருந்தால் நோயாளிக்குக் காய்ச்சலும் பிதற்றலும் வரும். கண்மணி விரிந்துவிட்டது, போதும் என்று நிறுத்தினாலும் ஆபத்து. இன்னொன்றும் உண்டு: தசைகளில் உள்ள ஏற்பிகள் வேறு வகை. அங்கே அட்ரோபினுக்கு இடமில்லை. ஆகவே நெஞ்சு தெளிந்த பின்னும் மூச்சுத் தசைகள் சோர்ந்து நோயாளி போய்விடக் கூடும், செயற்கைச் சுவாசம் வேண்டும். ஏற்பி, போட்டி, தேர்ந்து பிடித்தல் என்ற மூன்று கருத்துக்கள் மண்டையில் ஏறியிருந்தால் இவ்வளவும் தானே வரும். ஏறாதிருந்தால், பெயர் தெரிந்தும் ஆளைப் பறிகொடுக்க நேரும்.

உலகம் இதை உணரத் தொடங்கிவிட்டது. 1992-ல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனஸ் என்ற பௌதிகப் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் விசை பற்றிச் சுமார் முப்பது எளிய கேள்விகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். கணக்கே இல்லாத கேள்விகள். கடினமான கணக்குகளை ஊதித் தள்ளிய மாணவர்கள் இத்தகைய கேள்விகளில் தடுக்கி விழுந்தார்கள். ஹார்வர்டில் எரிக் மேஸர் தம் வகுப்பில் இப்படியொரு சோதனையை வைத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லித் தந்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம்! பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம் போதனையின் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டு, அன்றிலிருந்து பாடம் நடத்தும் முறையையே மாற்றிக் கொண்டார். அவ்வளவு நேர்மை எல்லா ஆசிரியர்க்கும் வாய்க்குமா என்பது வேறு விஷயம்.

மருந்தியலுக்கும் அந்த முயற்சி வந்தது. 15 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் சுற்றுச்சுற்றாகக் கருத்துப் பரிமாறி, இந்தத் துறையின் ஆதாரக் கருத்துக்கள் 25 என்று முடிவு கண்டு 2023-ல் வெளியிட்டார்கள். அரை ஆயுள், உடலுக்குக் கிடைக்கும் அளவு, ஏற்பியோடு சேரும் நாட்டம், உச்சப் பலன், நஞ்சுக்கும் மருந்துக்கும் இடைவெளி, ஆளுக்கு ஆள் மாறுபாடு முதலியவை அவற்றுள் அடங்கும். ஆயிரம் பக்கம் எங்கே, இருபத்தைந்து கருத்துக்கள் எங்கே! இவற்றை மாணவர் உண்மையில் உணர்ந்தாரா என்று கண்டறியும் கேள்விகளைத் தயாரிப்பது அடுத்த வேலை.

நம் நாட்டிலும் 2019-ல் திறன் அடிப்படையிலான மருத்துவக் கல்வி என்று புதிய பாடத்திட்டம் கொண்டு வந்தார்கள். கொக்கி போட்டு விடை தேரும் கேள்விகள் எழுத்துத் தேர்வில் 20 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்றும் விதி செய்தார்கள். நல்ல விதிகளே. ஆனால் இரண்டாம் கட்டத்தை ஒன்றரை ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்ததும் அதே திட்டந்தான். சிந்திக்கச் சொல்லிவிட்டுச் சிந்திக்கும் நேரத்தைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? இது போதாதென்று டில்லியிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரே கடைசித் தேர்வு என்ற திட்டத்தையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள், 2023-ல் ஒத்திவைத்தார்கள். அதற்குப் பயிற்சி தரும் கடைகள் தேர்வு வருமுன்பே திறந்துவிட்டன. இலட்சக்கணக்கில் பணம் புரளும் அந்தக் கடைகளில் விற்பது எதுவாக இருந்தாலும், அது புரிதலாக இருக்காது.

இங்கே மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-ல் தமிழ்நாடு சட்டமாக்கியது. தமிழில் பன்னிரண்டு வகுப்புப் படித்த பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் அதனால் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறாள். வாய்மொழித் தேர்வில் அவள் தடுமாறினால், தடுமாறியது கருத்தா, ஆங்கிலமா என்று தேர்வாளர் எப்படி அறிவார்? ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுகிறவன் ஒன்றும் விளங்காமலே தேறிவிடுகிறான்; விளங்கியவள் வாய் திறக்க அஞ்சி மதிப்பெண் இழக்கிறாள். இதற்குப் பெயர் தகுதியா?

தமிழில் மருத்துவம் ஆகாது என்பாருக்கு ஒன்று கூறுவோம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நிறுவியதோடு, 1860-களில் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் ரண சிகிச்சையும் இரசாயனமும் தமிழ் நூல்களாயின. திருவிதாங்கூரில் மருத்துவராயிருந்த எட்வர்டு வேரிங், 1868-ல் இந்திய மருந்து நூலைத் தொகுத்தார். குலசேகரம் அன்று அந்தத் திருவிதாங்கூரில்தான் இருந்தது. அந்த மருந்து நூலும் கிறீன் குழுவினரால் தமிழாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டார் ஒருவர் செய்தது, தமிழர் ஆளும் நாட்டில் தமிழர் நடத்தும் பல்கலைக் கழகத்தால் ஆகாதா?

ஆகவே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தாரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. இரண்டாம் கட்டத்துத் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும், ஆதாரக் கருத்துக்களைப் பற்றி இருபது இருபத்தைந்து கேள்விகளை எல்லாக் கல்லூரி மாணவர்க்கும் கொடுங்கள். விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால், ஏன் என்ற காரணத்திற்கு இரண்டு கொடுங்கள். காரணத்தைத் தமிழில் எழுதவும் சொல்லவும் அனுமதியுங்கள். மருந்தின் பெயரும் கலைச்சொல்லும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், சண்டையில்லை. இதில் யாரையும் தேறவைக்கவும் வேண்டாம், தோற்கடிக்கவும் வேண்டாம். மாணவர் பெயரை நீக்கி, எந்தக் கருத்தில் எத்தனை பேர் இடறினார்கள் என்பதை மட்டும் ஆசிரியர்களிடம் கொடுங்கள். ரேங்குப் பட்டியல் போட்டுவிட்டால் அன்றைக்கே இதுவும் கெட்டது. அடுத்த மாதமே கேள்விகளும் விடைகளும் கைடாக அச்சாகி நாகர்கோவில் கடையில் தொங்கும்.

ஆசிரியர்களுக்குக் கசக்கும் என்பதையும் அறிவோம். பாதி வகுப்பு 16 என்று எழுதியிருந்தால், குற்றம் பாதி வகுப்பின்மேல் மட்டும் இருக்க முடியாது அல்லவா? அதற்கு அஞ்சியே பல இடங்களில் இப்படியொரு சோதனையைத் தொடாமல் இருக்கிறார்கள் என்பது நம் எண்ணம்.

பல்கலைக் கழகம் கோப்புக்களைப் புரட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. ஆசாரிபள்ளத்துப் பேராசிரியர்களும் குலசேகரத்துப் பேராசிரியர்களும் ஒரு சனிக்கிழமை மாலை கூடி உட்கார்ந்தால் முதல் பத்துக் கேள்விகள் தயாராகிவிடும். செலவு, ஆளுக்கு ஒரு தாள். முதற் கேள்வியாக வேண்டுமானால் அந்த 200, 400 கணக்கையே வைத்துக் கொள்ளலாம். எண்களை மட்டும் மாற்றிவிடவேண்டும், இந்தப் பத்திரிகையை மாணவர்களும் படிக்கிறார்கள்.