கல் நெஞ்சு அன்று



44 வயதுடைய நம் வாசகர் ஒருவர் நீண்ட மடல் வரைந்துள்ளார். அவருடைய 8 வயது மகனுக்கு ஆட்டிசத்தின் இயல்புகள் இருப்பதாக மருத்துவர் விளக்கியபோது, “என் பிள்ளைப் பருவத்தையே அவர் எடுத்து வாசிப்பது போலிருந்தது” என்கிறார். திருமண வீட்டு மேளச் சத்தம் தாங்காமல் தெருவில் போய் நிற்பவர். முகம் பார்த்துப் பேசக் கூசுபவர். இரயில் கால அட்டவணையை மனப்பாடமாய் வைத்திருப்பவர். மாமனார் இறந்த அன்று, அழுத மனைவிக்கு ஆறுதல் ஒன்றும் கூறாமல், உறவினர் வரும் வண்டிகளின் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தாராம். “உங்களுக்குக் கல் நெஞ்சு” என்று மனைவி சொன்ன சொல் இன்னும் ஆறவில்லை. “எனக்கும் ஆட்டிசம்தானா? இந்த வயதில் அறிந்து என்ன பயன்?” என வினவுகிறார்.

சகோதரரே, ஆட்டிசம் ஒரு தொற்றோ, வளர்ப்பின் பிழையோ அன்று. மூளை வளரும் விதத்தில் அமைந்த வேறுபாடு. குடும்ப வழியாக வருவதும் உண்டு. ஆகவே பிள்ளையின் வழியாகப் பெற்றோர் தம்மை அடையாளம் காண்பது புதுமையன்று. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் இதனை விவரித்தபோது 11 குழந்தைகளைப் பற்றியே எழுதினார். நன்கு பேசவும் படிக்கவும் வல்லவர்களிடத்தும் இவ்வியல்பு உண்டென்பதை 1981இல் இலண்டன் மருத்துவர் லோர்னா விங் எடுத்துக்காட்டினார். நீங்கள் பள்ளி சென்ற நாட்களில் இவை நம் ஊர் ஆசிரியர்களுக்கு எட்டியிருக்க வழியில்லை.

ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலைப் பலர் அறிவீர்கள். கோயில் பாடற்குழுவில் பாடிவந்த அவர், 2009இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றால் உலகப் புகழ் பெற்றார். 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் கிளாஸ்கோ வந்தபோதும் பாடினார். பிறக்கும்போதே மூளை பழுதுபட்டது என்பதே இளமையில் அவர்மீது ஒட்டிய முத்திரை. பள்ளியில் ஏளனமும் சேர்ந்தது. 2012இல், 50 வயதைக் கடந்த பின்னர், நிபுணர் ஒருவர் ஆராய்ந்து, அவருக்கு இருப்பது ஆஸ்பெர்கர் நிலை என்றார். இன்று அதுவும் ஆட்டிசம் என்றே வகுக்கப்படுகிறது. 2013இல் இதை வெளியிட்ட பாயில், தமக்கு நிம்மதி பிறந்ததாகக் கூறினார். அவருடைய குணம் மாறவில்லை. தவறான பெயர் நீங்கிச் சரியான பெயர் கிடைத்தது. நீங்கள் கேட்ட பயன் இதுவே.

ஆயினும் இரண்டோர் இயல்புகளைக் கண்டு நாமே முடிவு கட்டலாகாது. கூச்சமும் மனப்பதற்றமும் இதைப் போலத் தோன்றலாம். இவை குழந்தைப் பருவம் முதலே இருந்தனவா, அன்றாட வாழ்வுக்கு இடையூறாயினவா என்பதே முக்கியம். இரத்தச் சோதனையால் இதை அறிய இயலாது. உங்கள் இளமையைப் பற்றித் தாயாரோ மூத்தவர்களோ கூறுவதைக் குறித்துக்கொண்டு, மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ காணுங்கள். பெண்களுள் பலர் பிறரைப் பார்த்துப் பழகித் தம் இயல்பை மறைத்துக்கொள்வதால் இன்னும் தாமதமாகவே அறியப்படுகின்றனர் என்பதையும் சகோதரிகள் நினைவிற்கொள்க.

இனி, அவருடைய துணைவியாருக்கு ஒரு சொல். அம்மா, அந்தத் தாளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உறவினர் ஒருவரும் நிலையத்தில் காத்து நிற்காதபடி, ஒவ்வொருவரையும் தாமே சென்று அழைத்து வந்ததாக மடலின் ஓரத்தில் எழுதியுள்ளார். அவர் அறிந்த ஆறுதல் மொழி அதுவே. உங்களுக்கு வேண்டியதைக் குறிப்பால் உணர்வார் எனக் காத்திராமல், “என் பக்கத்தில் சற்று அமருங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அமர்வார்.

சகோதரரே, நீங்களும் இதனைச் சாக்காகக் கொள்ள வேண்டாம். சத்தம் தாங்காதபோது எழுந்து மறையாமல், “அரை மணி கழித்து வருகிறேன்” என்று கூறிவிட்டுச் செல்லுங்கள். உங்கள் மகனும் நாளை இதே மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். அப்போது அவனை அதட்டாமல் கைப்பிடித்து வெளியே அழைத்துச் செல்ல, அவ்வழியை அறிந்த தந்தை ஒருவர் அருகில் இருப்பார்.