டிராகனுக்கு நிறம் கொடுத்தவர் யார்?

1997 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்பட்டபோது, நான் பணியாற்றிய பத்திரிகையில் விசேட பக்கம் ஒன்று தயாரானது. பக்கத்தின் நடுவே டிராகன் ஒன்றை வரைந்துகொண்டிருந்த ஓவியர், "ஐயா, இதற்கு என்ன நிறம்?" என்று கேட்டார். ஒரு கணமும் யோசியாமல் "சிவப்பு" என்றேன். வேறு நிறம் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அந்நாளில் எங்கள் அச்சு இயந்திரத்தில் கறுப்பைத் தவிர இருந்தது சிவப்பு மை மாத்திரமே.

இருபது ஆண்டுகள் கழித்து, 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் வழங்கப்பட்டபோது, அந்த டிராகன் கேலிச்சித்திரங்களில் மீண்டும் தலைகாட்டியது. இப்போது எல்லா நிறங்களும் அச்சாகின்றன. ஆயினும் இலங்கைத் தீவைச் சுற்றி வளைத்த அந்தப் பிராணி சிவப்பாகவே இருந்தது. அந்த உடன்படிக்கையை விமர்சிப்பதில் எனக்கு ஆட்சேபனை கிடையாது, நானும் விமர்சித்திருக்கிறேன். ஆனால் சீன அரசு என்றால் சிவப்பு டிராகன் என்று நாம் எழுதிவரும் இந்தச் சமன்பாடு சீன மரபிலிருந்து வந்ததன்று. அது இரவல் வாங்கிய நிறம்.

சீனரின் மரபில் டிராகனின் நிறத்தைத் தீர்மானித்தவை திசையும் பூதமுமே. அவர்களுடைய ஐந்து பூதங்கள் நம்முடையவை அல்ல. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன அவை. கிழக்குக்கு மரம், அதன் டிராகன் பசுநீலம். தெற்குக்கு நெருப்பு, சிவப்பு. மேற்குக்கு உலோகம், வெள்ளை. வடக்குக்கு நீர், கறுப்பு. நடுவே மண், மஞ்சள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஹுவாய்நான்சி' என்ற நூல் இன்னும் ஒரு படி மேலே சென்று, நிலத்தடிக் கனிமங்கள் நெடுங்காலம் கிடந்து அந்தந்த நிறத்து டிராகன்களைப் பிறப்பிப்பதாகக் கூறுகிறது. மஞ்சள் டிராகனுக்குத் தாய் பொன். கிழக்கு டிராகனின் நிறத்தைக் குறிக்கும் 'சிங்' என்ற சீனச் சொல் பச்சையையும் நீலத்தையும் ஒருங்கே சுட்டும். திருமாலைப் பச்சை நிறத்தவன் என்றும் நீல நிறத்தவன் என்றும் பாடிய நமக்கு இது விளங்காத விடயமன்று.

ஆக, சிவப்பு டிராகன் சீனாவில் உண்டு. அது ஐவரில் ஒன்று, தெற்கின் காவலன், அவ்வளவே. பேரரசரின் நிறம் மஞ்சள். சிங் வம்ச ஆட்சியில் பிரகாசமான மஞ்சள் ஆடையைப் பேரரசரின் அனுமதியின்றிச் சாதாரண பிரஜை அணிய இயலாது. அதே வம்சம் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்றிய கொடியைப் பாருங்கள்: மஞ்சள் துணியில் நீல டிராகன், அதன் வாயருகே ஒரு சிவப்புச் சூரியன். டிராகனைக் கொடியில் ஏந்திய சீன அரசு அதைச் சிவப்பாக வரையவில்லை. சிவப்பைக் கொடியாக ஏற்ற இன்றைய அரசோ, 1950 இல் வகுத்த தேசியச் சின்னத்தில் டிராகனுக்கு இடமே கொடுக்கவில்லை.

அப்படியானால் நம் சிவப்பு எங்கிருந்து வந்தது? விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலில், ஏழு தலைகளும் பத்துக் கொம்புகளும் கொண்டு, பிறக்கப்போகும் குழந்தையை விழுங்கக் காத்திருக்கும் பிராணி சிவப்பு நிறமுடையது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'வலுசர்ப்பம்' என்றது. சாத்தானின் உருவமாக ஐரோப்பா நூற்றாண்டுக்கணக்கில் அஞ்சிய இந்த நிறத்தின் மேல், 1949 இற்குப் பின்னர் பொதுவுடைமையின் சிவப்பும் வந்து படிந்தது. மேலைநாட்டுப் பத்திரிகைகள் வரைந்தன. நாம் பார்த்து வரைந்தோம்.

ஐரோப்பாவிலும் சிவப்பு எங்கும் தீயதன்று. வேல்ஸ் மக்களின் கொடியில் நிற்பது சிவப்பு டிராகன். 1959 இல் அது உத்தியோகபூர்வ அங்கீகாரம் பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய வரலாற்று நூல் ஒன்றில் சிவப்புப் பாம்பும் வெள்ளைப் பாம்பும் போரிடுகின்றன. சிவப்பு பிரித்தானியர், வெள்ளை படையெடுத்து வந்த சாக்சனியர் என்று அங்கே விளக்கம் தரப்படுகிறது. கதையைச் சொன்னவர்கள் தோற்றுக்கொண்டிருந்த தரப்பினர். வெள்ளைத் தரப்பினர் சொல்லியிருந்தால் எந்தப் பாம்பு வென்றிருக்கும் என்பதை இலங்கையில் பத்திரிகை நடத்தியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சில வேளைகளில் தத்துவமும் அரசியலும் இல்லாமல் பொருளே நிறத்தைத் தீர்மானிக்கிறது. சீனப் பீங்கானில் நாம் காணும் டிராகன்கள் பெரும்பாலும் நீலம். ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கலையாமல் தெளிவாக நிற்கும் நிறம் கொபால்ட் தந்த நீலமே. செம்பிலிருந்து சிவப்புப் பெறலாம், ஆனால் சூளையில் அது கைகொடுப்பது அரிது. பிரித்தானிய நூதனசாலையில் உள்ள, 1351 ஆம் ஆண்டுக் குறிப்புடைய இரு பெரிய சாடிகளில் சுழன்றோடும் டிராகன்கள் அத்தகையவை. எங்கள் அச்சுக்கூடத்துக்கும் அந்தச் சூளைக்கும் இவ்விடயத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

நம் நாட்டிலும் சீன டிராகன்கள் இருக்கின்றன. கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்பவர்கள் காலி மும்மொழிக் கல்வெட்டைக் காணலாம். தளபதி செங் ஹே கொண்டுவந்த அக்கல் 1409 ஆம் ஆண்டுத் திகதியுடையது. 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. அந்த நாயனார் விஷ்ணு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கொள்கை. சிவன் என்பாரும் நம்மிடையே உளர். சிங்கள மரபிலே அவர் உப்புல்வன், அதாவது நீலோற்பல நிறத்தோன். ஒரே கோயிலின் கடவுளுக்கு யார் எந்த நிறம் தருவது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கல்லின் உச்சியில் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ள இரு டிராகன்களும் கல்லின் நிறத்திலேயே இருக்கின்றன.