ஒரு ஓட்டின் விலை

வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. கடைச் சாவியை வைத்திருப்பவர், "முதலில் என் காரியத்தை முடித்துக் கொடு, அப்புறம் திறக்கிறேன்" என்றால் அவரை என்ன சொல்வீர்கள்? 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

அப்போது அந்த மாநில பட்ஜெட்டில் 4,000 கோடி டாலருக்கும் மேல் துண்டு. மக்களுக்குத் திருப்பித் தரவேண்டிய வருமான வரிப் பணத்தைக்கூட அரசு தள்ளிப்போட்டது. அரசு ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. பட்ஜெட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதாவது 40 பேர் செனட்டில் 27. எல்லாம் பேசி முடித்தும் ஒரே ஒரு ஓட்டு குறைந்தது.

அந்த ஓட்டு குடியரசுக் கட்சியின் ஏபெல் மால்டொனாடோவிடம் இருந்தது. அவர் கேட்டவை என்ன? பெட்ரோலுக்கு காலனுக்கு 12 சென்ட் வரி கூடாது. நியாயம், மக்கள் பாக்கெட் சம்பந்தப்பட்டது. துண்டு விழும் வருஷத்தில் உறுப்பினர்களுக்கு சம்பள உயர்வு கூடாது. அதுவும் சரி. ஆனால் முக்கியமான நிபந்தனை வேறு. கட்சிவாரி முதற்கட்டத் தேர்தலை ஒழித்து, எல்லோரும் ஒன்றாக நின்று முதல் இருவர் மட்டும் இறுதிக்குப் போகும் முறையை மக்கள் வாக்கெடுப்புக்கு விடவேண்டுமாம்!

இதற்கும் வரவு செலவுக்கும் என்ன சம்பந்தம்? 2006-ல் கன்ட்ரோலர் பதவிக்கான கட்சி முதற்கட்டத் தேர்தலில் தோற்றவர் இதே மால்டொனாடோ. சம்பந்தம் அங்கே இருக்கிறது.

"நல்ல சீர்திருத்தம்தானே, 2010-ல் மக்களே ஏற்றுக்கொண்டார்களே" என்பார்கள். இருக்கட்டும். நல்லது என்றால் அதற்கு நேர்வழி உண்டு. கலிபோர்னியாவில் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கியே ஒரு விஷயத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். மாநிலத்தின் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. அந்தப் புது முறையிலேயே 2012-ல் காங்கிரஸுக்கு நின்று அவர் தோற்றது தனிக்கதை.

பிடிவாதமாக 'முடியாது' என்ற சக கட்சிக்காரர்களைவிட அவர் மேல் என்று வாதிடலாம். உண்மைதான், கடைசியில் ஓட்டுப் போட்டார். ஆனால் ஓட்டுப் போடுவது அவர் வேலை, விற்பனைச் சரக்கு அல்ல. பேரம் பேசியே ஆகவேண்டும் என்றால் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பேசியிருக்கலாமே?

அத்தனை பேரத்துக்கும் பிறகு நிலைமை தேறவில்லை. 2009 ஜூலையில் கஜானா காலியாகி, பணத்துக்குப் பதில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது அரசு. 2010 நவம்பரில் மக்கள் சட்டத்தையே மாற்றினார்கள். பட்ஜெட்டுக்கு இப்போது சாதாரண பெரும்பான்மை போதும். ஆனால் வரியை உயர்த்த இன்றும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சாவி கைமாறவில்லை, சின்னதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.