சொல்லும் நம் சொத்தே

நம் கொங்கு நாட்டுப் பேச்சு மரியாதைக்குப் பெயர் பெற்றது. "ஏனுங்க", "சொல்லுங்க" என்பவற்றை வெளியூரார் பாராட்டக் கேட்டு நாமும் மகிழ்கிறோம். ஆயின் அப்பேச்சினுள் தலைமுறைகளின் தொழிலறிவும் பொதிந்து கிடக்கிறது. அது நம் கண்ணெதிரே தேய்ந்து வருகிறதே என்பதுதான் நம் கவலை.

கவலை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எருதுகளைப் பூட்டித் தோல் சாலால் கிணற்று நீர் இறைப்பதற்கும் நம் பக்கத்தில் கவலை என்றே பெயர். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் மெல்ல மெல்ல மின்சாரம் கோவைச் சீமைக் கிணறுகளை எட்டியது. சாலும் வடமும் பரணுக்குப் போயின. எருதுகளின் பாடு தீர்ந்தது நன்மையே. ஆனால் "அப்புச்சி கவலை ஓட்டினார்" என்றால், அவர் மனம் வருந்தினார் என்றே இன்றைய பேரன் பொருள் கொள்வான். கருவி போனால் சொல்லும் போகும்.

"பருத்தி புடவையாய்க் காய்த்தது போல" என்பது பழமொழி. பருத்தி எடுத்து, கொட்டை நீக்கி, நூல் நூற்று, பாவு ஓட்டி, தறியில் நெய்து முடிப்பதற்குள் எத்தனை கைகள் பாடுபடுகின்றன என்று அறிந்தவருக்கே இதன் நயம் விளங்கும். விளைவிப்போரும் நெய்வோரும் சேர்ந்து சிரிக்கத்தக்க சொல் இது.

பழமொழி யாவற்றையும் தலைமேற்கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. "உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று சொல்லியே வரவு செலவு எழுதாதிருப்போர் உண்டு. அது உழவரின் துயரக் குரல். கணக்கு வேண்டா என்னும் அறிவுரை அன்று. ஏன் மிஞ்சவில்லை என்று கேட்பதே கூட்டுறவு. 1904-ல் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் கடன் பளுவில் நசுங்கிய உழவரைக் கருதியே.

எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000-ல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை அளித்தார். அரிய தொண்டு அது. ஆயினும் ஒருவர் உழைப்பால் முடிகிற வேலை அன்று. ஒவ்வொரு சங்கமும் இதற்கென ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். பேரவைக்கு வரும் மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரும் சொல் ஒன்றோ பழமொழி ஒன்றோ கூறட்டும். எவ்வேலையின்போது, என்ன பொருளில் அது வழங்கியது என்பதையும் உடன் எழுதி வைப்போம்.

பங்குத் தொகைக்குப் பதிவு உண்டு. பாட்டன் பாட்டி விட்டுச் சென்ற சொத்துக்கும் ஒரு பதிவு வேண்டாவா? ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்!