மூட்டையோடு ஒரு துண்டுச் சீட்டும் போகட்டும்

வீட்டுக் குறிப்பு என்றாலே நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அடுப்படி சமாச்சாரம் உழவர் இதழுக்கு எதற்கு என்று ஒரு நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று எவ்வளவோ எழுதியாச்சு. விளைந்த நெல்லும் பயறும் வீட்டுக்குள் வந்த பிறகு என்ன ஆகிறது என்று எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

வங்கியில் வேலை பார்த்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு. கடன் கொடுத்த அன்றோடு வேலை முடியாது. கடைசித் தவணை வரும்வரை கண்காணிக்கணும். நம் அரிசியும் அப்படித்தான். தட்டில் சோறாக விழும்வரை அது நம் பொறுப்பு.

ஒருகாலத்தில் கொரட்டூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலமெல்லாம் இன்று அடுக்குமாடிகள். அங்கே குடியிருப்பவர்கள்தான் நம்மிடம் பூங்காரும் மாப்பிள்ளைச் சம்பாவும் வாங்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் தானியம் ஈரத்தை இழுக்கும், வண்டு பெருகும். "பூச்சி விழுந்துடுச்சுங்க" என்று ஒரு வீட்டம்மா சொன்னால், அடுத்த மாதம் அவர் வாங்கப்போவது பளபளவென்ற கடை அரிசி. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் சிலர் மூட்டைக்கு நடுவே மாத்திரை போடுகிறார்கள். ஆறு மாதம் மருந்தே படாமல் வளர்த்த நெல், ஒரே ராத்திரியில் விஷப் புகையில் கிடக்கிறது.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவும். பாயில் படுத்திருக்கும் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தும் கைக்கு வந்து சேர்கிறது. எலி மருந்தும் லேசுப்பட்டதல்ல. 2024 நவம்பரில், பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். வயலில் தஞ்சாவூர்க் கிட்டியும் பறவைத் தாங்கியும் வைக்கிற நாம், வீட்டு எலிக்கு மட்டும் ஏன் விஷம் தேடணும்? சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை சுண்டெலிக்குப் போதும். அதை சிமென்ட் வைத்து அடைத்து, எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தால் வேலை நடக்கும்.

முதல் வேலை நம் களத்தில். நெல்லைக் கடித்தால் 'கடக்'கென்று உடையணும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கு. பயறு வண்டு முழுப் பயறின் தோலில்தான் முட்டையிடும், அதனால் துவரையையும் உளுந்தையும் உடைத்து வைத்தால் அதன் தொல்லை பெரும்பாலும் குறையும். விதைக்கு வைக்கும் துவரைக்குச் செம்மண் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறியைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், அலையும் வண்டு துளை வழியே புகுந்து அடியில் விழும். வண்டு வந்திருப்பது ஆரம்பத்திலேயே தெரியும்.

அடுத்து, வாங்குகிறவர் வீடு. என் யோசனை சின்னது: ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு துண்டுச் சீட்டு போகட்டும். அதில் இப்படி இருக்கலாம்:

1. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய் இருக்கிறது. நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

2. டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே புது அரிசியைக் கொட்டுங்கள். பழசின் மேல் புதுசைக் கொட்டாதீர்கள்.

3. நிழலில் சருகாகக் காய்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டு, காய்ந்த மிளகாய் இவற்றைத் துணியில் முடிந்து போடுங்கள். பச்சை வேப்பிலை ஈரம் விட்டுப் பூசணம் பிடிக்கும். இவை வண்டு வருவதைக் குறைக்கும். வந்த வண்டைக் கொல்லாது.

4. வண்டு வந்துவிட்டால் அரிசியை முறத்தில் புடைத்து நிழலில் பரப்புங்கள். கடும் வெயிலில் அரிசி விரிசல் விட்டு நொய்யாகும். பயறை நல்ல வெயிலில் காயவைக்கலாம்.

5. ரவை, மாவு கொஞ்சமாக இருந்தால் ஃப்ரீசரில் நான்கைந்து நாள் வைத்து எடுங்கள்.

6. எந்த மாத்திரையும் பவுடரும் வேண்டாம்.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை என்பீர்கள். உண்மைதான். உங்கள் வீட்டில் அம்மா செய்தது, என் வீட்டில் ஆயா செய்தது. ஆனால் குதிரையும் பத்தாயத்தையும் பார்த்தே இராத தலைமுறைதான் இப்போது நம்மிடம் வாங்குகிறது. அவர்களுக்கு யார் சொல்வது? மூட்டை கட்டுகிற நாம்தான் சொல்லணும்.

சீட்டு அச்சடிக்க பெரிய செலவில்லை. வரும் தை அறுவடைக்கே தொடங்கலாம். ஊருக்கு ஊர் பக்குவம் மாறும். உங்கள் பக்கத்து முறைகளை இதழுக்கு எழுதி அனுப்புங்கள், சீட்டில் சேர்த்துக்கொள்வோம்.