அவர்கள் சுற்றினால் பயணம், இவர்கள் சுற்றினால் நாடோடியா?



டிரெய்லர் என்று சொன்னால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பூந்தமல்லி பைபாஸில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரிதான். அமெரிக்காவில் அதே பெயரில் சக்கரம் வைத்த வீடு இருக்கிறது. உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். சிலர் சொந்த வீட்டை விற்றுவிட்டு வருஷம் முழுக்க அதிலேயே வாழ்கிறார்கள். இந்த வாரம் ஒரு காடு, அடுத்த வாரம் ஒரு மலை.

அவர்கள் ஆசையாகப் போகிற இடங்களில் ஒன்று, கலிபோர்னியாவின் வடக்குக் கடற்கரை ஓரத்தில் உள்ள ரெட்வுட் காடு. இது ஆந்திரா பக்கம் கடத்துகிறார்களே, அந்தச் செம்மரம் இல்லை. உலகத்திலேயே உயரமாக வளரும் மரம். 2006-ல் கண்டுபிடித்த ஹைபீரியன் என்ற மரம் 380 அடி உயரம்! நம்ம சென்னை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அதைப்போல இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் அந்த மரம்தான் ஜெயிக்கும். இரண்டாயிரம் வயதைத் தாண்டிய மரங்களும் அங்கே நிற்கின்றன. அதன் நடுவில் நடப்பதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் போகிறார்கள்.

இதை டிவியில் காட்டினால், "ஆகா, வாழ்ந்தா இப்படி வாழணும்" என்று வாயைப் பிளந்து பார்க்கிறோம். பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஆவடி பஸ் ஸ்டாண்டில் பாசிமணியும் ஊசியும் விற்கிற நரிக்குறவர் குடும்பத்தைப் பார்த்தால் மட்டும் ஏன் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து நிற்கிறோம்? அவர்களும் காடு மேடு எல்லாம் சுற்றியவர்கள்தானே? எந்தக் குருவி எங்கே கூடு கட்டும், எந்தத் தடம் எந்த விலங்குடையது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள்தானே? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான்.

"அவங்க வேட்டையாடினவங்க, காட்டைக் கெடுத்தவங்க" என்று சிலர் சொல்லலாம். வேட்டை அவர்கள் தொழிலாக இருந்தது உண்மைதான். 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைத் தொழில் போய், பாசிமணி கோத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் என்ன நடந்தது தெரியுமா? 1850-க்குப் பிறகு மரக் கம்பெனிகள் வெட்டித் தள்ளியதில், பழைய ரெட்வுட் காட்டில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்குதான் இன்று மிச்சம். வெட்டிய மரம் ஊருக்குள் வீடு கட்டப் போனது. காட்டை அழித்தது ஊர் சுற்றியவர்களா, வீடு கட்டியவர்களா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஹைபீரியன் மரத்தையே இப்போது யாரும் போய்ப் பார்க்க முடியாது. பாதை இல்லாத இடத்தில் கூட்டம் கூட்டமாகப் போய் மண்ணை மிதித்துக் கெட்டியாக்கி, குப்பை போட்டு, செடிகளை நாசம் செய்துவிட்டார்கள். அதனால் 2022-ல் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில். சுற்றுலாப் பயணி என்று பெயர் வைத்தவுடன் எல்லோரும் நல்லவர் ஆகிவிட மாட்டார்கள். நாடோடி என்று பெயர் வைத்தவுடன் கெட்டவர் ஆகிவிடவும் மாட்டார்கள்.

ஆனால் சட்டமே அப்படிப் பெயர் வைத்த காலம் ஒன்று இருந்தது. 1871-ல் வெள்ளைக்கார அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே இடத்தில் தங்காமல் அலைந்த பல மக்களைப் பிறவியிலேயே குற்றவாளி என்று எழுதி வைத்தது. 1952-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போன சந்தேகம் நம் மனசிலிருந்து போகவில்லையே! 2023 மார்ச் 30 அன்று சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. வீடியோ பரவி எல்லோரும் திட்டிய பிறகுதான் விட்டார்கள். காசு கொடுத்த டிக்கெட்டுக்கே இந்த மரியாதை.

நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-லேயே லோகூர் குழு சொல்லியிருந்தது. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். நடுவில் 57 வருஷம்! எத்தனை பேர் படிப்பை விட்டிருப்பார்கள்! அதே 2022-ல் நம்ம ஆவடி நரிக்குறவர் மாணவிகள் தங்கள் குறைகளைத் தைரியமாகப் பேசினார்கள். அது முதலமைச்சர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஏப்ரல் மாதம் அவரே ஆவடிக்கு வந்து, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனார். நம்மைப் போல யூனிபார்ம் போட்ட பெண்கள் பேசியதால்தான் அது நடந்தது. எனக்கு அது ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. டிரெய்லரில் போகிறவர்களில் பலருக்குச் சுற்றுவது ஆசை. அங்கே முகாம்களில் வண்டி நிறுத்த இடமும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இருக்கும். மணி விற்கப் போகிறவர்களுக்குச் சுற்றுவது வயிற்றுப்பாடு. திருவண்ணாமலை தீபம் என்றால் அங்கே, மாங்காட்டில் திருவிழா என்றால் இங்கே. பிளாட்பாரத்தில்தான் சமையல், அங்கேயேதான் தூக்கம். பெண்கள் குளிக்க எங்கே போவார்கள்? அதனால் "சுற்றுவது அவங்களுக்குப் பிடிக்கும், விட்டுடுங்க" என்று நாம் சொல்லக் கூடாது. வீடும் பட்டாவும் வேண்டும் என்று எத்தனையோ பேர் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தங்குவதா சுற்றுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். எதைச் செய்தாலும் மரியாதை கிடைக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

சரி, நம் பள்ளியில் நாம் என்ன செய்யலாம்?

1. தலை வாராமல் வந்தால் "குறத்தி மாதிரி இருக்கே" என்று கேலி செய்வதை இன்றோடு நிறுத்த வேண்டும். ஒரு சமுதாயத்தின் பெயர் திட்டுவதற்கு உள்ள வார்த்தை இல்லை.

2. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி என்ற மொழி. நம்மோடு பேசுவது தமிழ். நாம் ஆங்கிலத்துக்கே திண்டாடும்போது அவர்கள் இரண்டு மொழியோடு வகுப்புக்கு வருகிறார்கள். இலக்கிய மன்றக் கூட்டத்தில் அந்த மொழியில் ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்கலாமே!

3. அப்பா அம்மாவோடு வியாபாரத்துக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறவர்களுக்கு நோட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளை எந்த மாதத்தில் வந்தாலும் பள்ளியில் சேர்க்க வேண்டும். டி.சி. வர லேட் ஆனால்கூட மறுக்கக் கூடாது. சேர்ப்பது பள்ளியின் வேலை. சேர்ந்தவர்களைப் போகவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

ரெட்வுட் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அத்தனை உயரத்துக்கும் வேர் அதிக ஆழம் போவதில்லை. பக்கவாட்டில் பரவி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டு புயலிலும் நிற்கிறது. "அவங்களுக்கு ஊரும் இல்லை வேரும் இல்லை" என்று இனி யாராவது சொன்னால், இந்த மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடமும் கொடுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி