தனியாக வேட்டைக்குப் போகக் கேட்ட தம்பிக்கு



போன கிழமை ஓ.எல். எழுதிய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்: "சேர், வேட்டைக்குத் தனியப் போறதெண்டா எப்படிப் பாதுகாப்பாப் போறது?" யூடியூப்பில் வெள்ளைக்காரர் ஒருவர் தனியே போய் மான் சுடும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறான்.

ஏசி அனுப்பியிருக்கலாம். ஏசினால் அடுத்த முறை சொல்லாமல் போவான். இருத்தி, தேத்தண்ணி கொடுத்துப் பேசினேன். கேட்காமலே போகும் பிள்ளைகளும் இருப்பதால் இங்கும் எழுதுகிறேன்.

அந்த வீடியோவின் நாடு வேறு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் புதியவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தால்தான் அனுமதிப்பத்திரம். ஜேர்மனியில் அதற்கென்றே பரீட்சை இருக்கிறது. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ என்பதுதான் அங்கே முதல் பாடம்.

இங்கே அந்த முதல் பாடத்தையே செய்ய முடியாது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மான், மரை வேட்டை குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு இன்னொரு குற்றம். களவாகப் போகிறவன் எங்கே போகிறேன் என்று உம்மாவிடம் சொல்வானா? அடிபட்டுக் கிடந்தால் 1990க்கு அழைக்கலாம், சுவசெரிய வரும். ஆனால் பொலிசும் வந்துவிடும் என்ற பயத்தில் ஃபோனை எடுக்கமாட்டான். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பயம்தான் ஆளைக் கொல்லும்.

அடுத்தது, நமக்கு முன்னே காட்டுக்குப் போனவர்கள் வைத்துவிட்டு வந்தவை. மிருகம் போகும் பாதையில் கம்பியை இழுத்துக் கட்டுத்துவக்கு கட்டுகிறார்கள். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். பன்றியின் காலா, மனிதனின் காலா என்று அதற்குத் தெரியாது. கட்டினவனுக்கு மட்டும்தான் இடம் தெரியும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது நினைவிருக்கும். காட்டிலேயே பிறந்து வளர்ந்த மிருகத்துக்கே அந்தக் கம்பி தெரியவில்லை. டோர்ச்சோடு போகும் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா?

கையில் இருப்பது இடியன் துவக்கு என்றால் அது கையிலேயே வெடிக்கலாம். கரடி திடுக்கிட்டால் ஓடாது, முகத்தில்தான் பாயும். இரவில் தனியே பயணம் போவதைப் பற்றி நபிகளார் எச்சரித்ததும் நமக்குத் தெரிந்ததே.

"அந்தக் காலத்துல வாப்பாமார் போகலையா சேர்?" என்று கேட்டான். போனார்கள். காடு தெரிந்த ஒருவருக்குப் பின்னால் கூட்டமாகப் போனார்கள். அப்படியும் எல்லோரும் திரும்பி வரவில்லை.

பிறகு அவன் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. "மான் இறைச்சிக்கு நல்ல விலை சேர். பெரிய ஆக்கள்தான் வாங்குறாங்க."

அந்தப் பெரிய ஆட்களில் நானும் ஒருவன். முதல் நியமனம் கிடைத்த ஊரில் விருந்தென்று மான் வத்தல் கறி வைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சாப்பிட்டேன். சுருக்கில் கழுத்து நெரிந்து செத்ததா, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததா என்றும் கேட்கவில்லை. கோழிக் கடையில் ஹலாலா என்று கேட்கிற நாம், அந்தச் சட்டிக்கு முன்னால் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

ஆகவே தம்பிமாருக்குச் சொல்வது: நம் காட்டில் புதியவன் தனியே போகும் பாதுகாப்பான வேட்டை என்று ஒன்று கிடையாது. சுருக்கையோ கட்டுத்துவக்கையோ கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி, 1992க்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சொல்வது: நாம் வாங்காவிட்டால் அவன் போகமாட்டான்.

எழும்பும்போது அவன் கேட்டான்: "அப்ப காட்டப் பார்க்கவே ஏலாதா சேர்?" ஏலும். லீவுக்கு அவனையும் இன்னும் நாலு பேரையும் கல்லோயாவுக்குக் கூட்டிப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். டிக்கெட் எடுத்து, படகில், பகலில். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் உதவியாக இருக்கும்.